பத்தொன்பதடிக் கார், முப்பதடிச் சாலை

அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவை முடிச்சூருக்குக் கொண்டுவந்தவர் திரு. தசரதன் அவர்கள்தான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கொண்டுவந்ததைத் திரும்ப வெளியே கொண்டுபோக முடியாமல் அவர் திண்டாடியபோது காட்டிய பொதுநல உணர்ச்சிதான் இந்தச் சரித்திரம். எழுந்து நின்று படிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக நிற்கலாம்.

முதலில் மனிதரைப் பற்றி. தொண்ணூற்றெட்டாம் வருஷம் வரைக்கும் தசரதன் நெல் விளைவித்தார். அதற்கப்புறம் மனை விளைவித்தார். மகசூல் ஒப்பிடவே முடியாதபடி இருந்தது. மனைவி சாமுண்டீஸ்வரியின் பெயரிலேயே 'சாமுண்டீஸ்வரி நகர்' என்று அறுபத்து நாலு மனை போட்டார். நகருக்கு நடுவே, மெயின் ரோட்டிலிருந்து நேராக உள்ளே வரும் முப்பதடிச் சாலையை, முறைப்படி தானப் பத்திரம் எழுதி, பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டார். கழுத்தில் மாலையோடு, கையில் பத்திரத்தோடு, "இந்த ரோடு இனிமே என்னுது இல்ல, உங்களுது" என்று அவர் சொன்னபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த போட்டோ இன்றும் அவர் வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

சாலை எங்கே என்று கேட்கிற அற்பர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்காகத் தசரதன் ஒரு சந்து விட்டிருந்தார். மெயின் ரோட்டைப் பார்த்த அவருடைய மூன்று மாடி வீட்டின் பக்கவாட்டில் புறப்பட்டு, ஒன்பதடி அகலத்தில் போய், யூனிஸ் என்பவருடைய காம்பவுண்டு சுவரில் முட்டி, சடாரென்று திரும்பி நகருக்குள் நுழையும். "டெம்பரரிதாங்க. பின்னாடி அகலமாயிடும்" என்று மனை வாங்கிய அறுபத்து நாலு பேரிடமும் சொல்லியிருந்தார். எட்டு வருஷமாக அது டெம்பரரியாகவே இருந்தது. தண்ணி லாரி உள்ளே வராது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவார்கள்.

யூனிஸின் மாமியாருக்கு ஒருநாள் வாய் கோணி, கை இழுத்துக்கொண்டபோது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கிழவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். அதில் ஒரு காலைப் பிடித்தவர் சாட்சாத் தசரதன். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் இடது கை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். தாம் செய்த அந்த உதவியைத் தசரதன் இன்றுவரை மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை.

இப்படி எல்லாம் நிறைந்திருந்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் யாரோ அவரைப் 'புதுப் பணக்காரர்' என்று சொல்லிவிட்டார்கள். பழைய பணக்காரர் ஆவதற்கு என்ன வழி என்று மூன்று நாள் யோசித்தார். பழைய கார் ஒன்று வாங்கிவிட்டால் ஆயிற்று என்று தோன்றியது.

கோடம்பாக்கத்தில் ஒரு கொட்டகையில் கிடந்த 'ஹாலோவே எய்ட்' என்ற கார் அவருடைய கண்ணில் பட்டது. 1949-ல் அமெரிக்காவில் பிறந்தது. பத்தொன்பதடி நீளம், எட்டு சிலிண்டர், பானெட்டுக்குள் ஒரு வேப்பங்கன்று. 2003-ல் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, அப்போது காலியாகக் கிடந்த யூனிஸின் மனை வழியாகக் குறுக்கே கொண்டுவந்து, தம் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இறக்கினார்.

பல்லாவரம் மெக்கானிக் அப்துல் கஃபார் நாலு வருஷம் அதற்கு உயிர் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போய் 'ஒரிஜினல் அமெரிக்கன் பார்ட்ஸ்' வாங்கி வருவார். முதல் வாரம் தாமே கழற்றி எடைக்குப் போட்ட ஹெட்லைட் வளையத்தை, நாலாவது வாரம் அதே சந்தையில் இருபது மடங்கு விலை கொடுத்து வாங்கி வந்ததும் உண்டு. "பாருண்ணா, நம்ம வண்டிக்கின்னே அளவெடுத்த மாதிரி கீது" என்று ஆச்சரியப்பட்டார். தசரதனும் சேர்ந்து ஆச்சரியப்பட்டார்.

கார் வெண்ணெய் நிறத்தில் மினுங்க ஆரம்பித்தது. தசரதன் காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழித்தார். சாமுண்டீஸ்வரி வைத்த காபி ஆறிப்போகும். ஷெட்டில் க்ரோமியம் துடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாலாவது வருஷம், ஆடி பிறந்த அன்று, அந்த அம்மாள் கரண்டியோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாங்க. ஆடி முடிஞ்சதும் இந்த வண்டி இந்த எடத்த வுட்டுப் போகணும். இல்லாங்காட்டி நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கும்."

தசரதனுக்கு மனைவியிடம் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. அவள் போய்விட்டால் இந்த மூன்று மாடியில் ஒண்டியாக என்ன செய்வது என்று நினைத்ததுமே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்.

"விற்பனைக்கு. அமெரிக்க அரச பரம்பரையின் கம்பீரம் பொருந்திய 1949 ஹாலோவே எய்ட். முழுக்க முழுக்க ஒரிஜினல். ஒரே குடும்பத்தின் அன்பில் வளர்ந்தது. மீட்டர் சுற்றாதது. தகுதியுள்ளோர் மட்டும் அணுகவும்."

அமெரிக்காவில் அரச பரம்பரை ஏது என்று யாரும் கேட்கவில்லை. தகுதியுள்ளவர் ஒருவர் அணுகினார். பெயர் மோகன்ராஜ். பழைய மகாபலிபுரம் ரோட்டில் புது ஹோட்டல் கட்டியிருந்தார். காரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாவ்! சார், இது கார் இல்ல, ஸ்டேட்மெண்ட்! ஆவணி முதல் தேதி எங்க ஹோட்டல் ஓப்பனிங். அன்னிக்குக் காலைல போர்ட்டிகோல இது நிக்கணும். நீங்க மெயின் ரோட்டுல கொண்டாந்து நிறுத்துங்க, நான் எடுத்துக்கறேன். ஒன் கண்டிஷன். ஒரு கீறல் கூடாது, ஒரு ஸ்க்ரூ கழட்டக் கூடாது."

"அதுக்கென்ன சார், நம்ம ரோடு ராஜபாட்டை மாதிரி" என்றார் தசரதன்.

மறுநாள் காலை ஹாலோவே எய்ட் ஷெட்டை விட்டுப் புறப்பட்டது. தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து, கஃபார் ஓட்ட, தசரதன் முன்னால் கையாட்டிக்கொண்டு நடக்க, ஊர்வலம் எண்பதடி தூரம் அபாரமாகப் போயிற்று. பிறகு யூனிஸின் சுவர் வந்தது. முன்னுக்கு ஒரு சாண், பின்னுக்கு ஒரு சாண் என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை அமெரிக்கா அந்த மூலையில் திணறிற்று. யூனிஸின் மனைவி ஷாயிஸ்தா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு முறை டீ கொடுத்தனுப்பினாள்.

கஃபார் இறங்கி டேப் வைத்து அளந்தார். "அண்ணா, வண்டி பத்தொம்பது அடி. சந்து ஒம்போது அடி. இந்த முக்குல திரும்பணும்னா வண்டி நடுவுல மடங்கணும்."

"மடங்குமா?"

"அமெரிக்காக்காரன் அப்பிடி ஒண்ணும் வச்சு அனுப்பல."

"அப்ப கிரேன் வெச்சுத் தூக்கிடலாம்."

"தூக்கலாம். கிரேன் உள்ள வரணுமே?"

"வரும்போது எப்பிட்றா வந்துச்சு இது?"

"வரும்போது யூனிஸ் பாய் வூடு இல்லண்ணா."

விஷயம் தசரதனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. தப்பு யூனிஸ் வீட்டுச் சுவரில்தான்! இந்த மனுஷன் ரோட்டை இழுத்துக் கட்டியிருக்கிறார், அதனால்தான் கார் திரும்பவில்லை. காரை ஷெட்டுக்கே பின்னோக்கித் தள்ளிவிட்டு, நேராகப் போய்க் கதவைத் தட்டினார்.

யூனிஸ் குரோம்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். தசரதன் பத்து நிமிஷம் கத்தியதைக் கேட்டுக்கொண்டார்.

"அண்ணா, பத்திரத்துல இருக்கிற அளவுக்குள்ளதான் கட்டியிருக்கேன். பத்திரம் நீங்க குடுத்ததுதானே?"

"ரோடு முப்பதடி! முப்பதடின்னு தானப் பத்திரத்துல நானே கையெழுத்துப் போட்டுக்கீறேன்! அது எங்க போச்சு?"

"அதத்தான்ணா எட்டு வருஷமா நாங்களும் யோசிக்கிறோம். ஒரு மனு குடுத்துடுங்களேன். சர்வேயர் வந்து அளக்கட்டும். நாங்க குடுத்தா யார் கேக்கப் போறாங்க? நீங்க பெரிய மனுஷன். நீங்க குடுத்தா நடக்கும்."

எதிரியின் வாயாலேயே 'பெரிய மனுஷன்' என்று கேட்டதும் தசரதனின் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முப்பதடிச் சாலை எங்கே போனது என்று இவருக்கே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். சத்தியமாக அந்த நேரத்தில் தெரியாது. ஒரு சங்கதியை அறுபத்து நாலு பேரிடம் முகம் மாறாமல் சொல்லி நம்பவைத்தவர், அறுபத்தைந்தாவது ஆளாகத் தாமும் நம்பிவிட்டார். அந்த ஒன்பதடிச் சந்துதான் சாலை, அதில் மீதி இருபத்தோரடியை யாரோ தின்றுவிட்டார்கள். தசரதன் மனப்பூர்வமாக நம்பினார், மனப்பூர்வமாகக் கொதித்தார்.

மனுவைத் தாமே சொல்லச் சொல்ல டைப் அடிக்கவைத்தார். "பொதுமக்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட முப்பதடிச் சாலையை ஆக்கிரமித்துள்ள சமூக விரோதி எவராயினும், அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், தயவு தாட்சண்யம் பாராமல், கால அவகாசம் கேட்டாலும் கொடுக்காமல், உடனடியாக இடித்துத் தள்ளுமாறு பணிந்து வேண்டுகிறேன். இடிக்கும் எந்திரத்துக்கான வாடகையை என் சொந்தச் செலவில் ஏற்கிறேன்." படித்துப் பார்த்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. அந்தச் சங்கத்தில் தண்ணி லாரிக்காகப் போட்ட பதினோரு தீர்மானங்களும் கோரம் இல்லாமல் தள்ளுபடியானவை. தலைவர் இல்லாத கூட்டம் செல்லாது, தலைவர் தசரதனோ வராமல் இருந்துவிடுவார். இன்றைக்கு அவரே வந்திருந்தார். அறுபத்து நாலு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். மிக்சரும் வந்திருந்தது.

மனுவை அவர் உரக்கப் படித்தார். "சமூக விரோதி" என்ற இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "தயவு தாட்சண்யம் பாராமல்" என்ற இடத்தில் ஹேமாவதி என்ற பள்ளிக்கூட டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போனாள். உணர்ச்சிவசப்பட்டு அழப் போகிறாள் என்று தசரதன் எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த 'கால அவகாசம்' லைனை இன்னொரு தடவ படிங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. படித்தார். மறுபடி கைதட்டினார்கள்.

முதல் கையெழுத்து யூனிஸ் போட்டார். தம் சுவரை இடிக்கச் சொல்லும் மனுவில் தாமே கையெழுத்துப் போடுகிற மனிதரைத் தசரதன் அதுவரை கண்டதில்லை. "பாய், உம்ம மனசு யாருக்கும் வராது" என்று கட்டிக்கொண்டார்.

அரசாங்கக் காரியம் மெதுவாக நடக்கும் என்பவர்கள் தசரதனைப் பார்த்ததில்லை. ஆவணி முதல் தேதி அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. தினமும் காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் நின்றார். மேலிடத்துக்கு நகல், அதற்கும் மேலிடத்துக்கு நகல். ஆடி மூன்றாவது வாரத்தில் சர்வேயர் தேவானந்தம், அளவுச் சங்கிலி பிடிக்கும் கிட்டுவோடு வந்து இறங்கினார். ஊரே வேடிக்கை பார்க்க மெயின் ரோட்டில் கூடியிருந்தது. யாரோ ஐஸ் வண்டியைக்கூட வரவழைத்துவிட்டார்கள்.

தேவானந்தம் வரைபடத்தை விரித்தார். ரோட்டோரம் புதைந்திருந்த கல்லைத் தேடிக் கண்டுபிடித்தார். நிமிர்ந்து பார்த்தார். வரைபடத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"கிட்டு, சங்கிலியை எடுத்துக்கிட்டு அந்த கேட்டுக்குள்ள போ."

அது தசரதனின் கேட். காபி சாப்பிடத்தான் உள்ளே வருகிறார்கள் என்று நினைத்து, "வாங்க சார், வாங்க! சாமுண்டி, சர்வேயர் சார் வந்துட்டாரு!" என்று அவரே கதவை அகலத் திறந்துவிட்டார்.

சங்கிலி வாசற்படி ஏறிற்று. ஹாலுக்குள் வந்தது. சோபாவின் மேல் ஏறி இறங்கி, டி.வி.யைச் சுற்றாமல் நேராகப் போய், பூஜை அறையை ஓரமாகத் தொட்டுக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தது. அங்கே சாமுண்டீஸ்வரி சர்வேயருக்காக வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார் தேவானந்தம். "நடுரோட்டுல நிக்கிறீங்க."

"இன்னாது? என் வூட்ல நான் நிக்கறேன்!"

"அடுப்பு சரியா சென்டர் லைன்ல இருக்கும்மா. அதான் சொன்னேன்."

பின்கதவு வழியாக வெளியேறிய சங்கிலி ஷெட்டுக்குள் போய், ஹாலோவே எய்ட்டின் வயிற்றுக்கடியில் புகுந்து, நகரின் கடைசி வரைக்கும் ஒரு சுவரிலும் முட்டாமல் நேராக நீண்டது. யூனிஸின் சுவர் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே, ஒரு அங்குலம் பிசகாமல், இருந்தது.

தசரதன் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் அதுவும் சாலைதான் என்பது உறைத்தது, எழுந்துவிட்டார்.

"சார், வரைபடம் பழசு. தப்பா இருக்கலாம். ரோடு இங்கதான் இருந்துச்சுன்னு இன்னா சாட்சி?"

தேவானந்தம் சுவரில் தொங்கிய போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்ட தசரதன், கையில் பத்திரம், பின்னால் அகலமான செம்மண் சாலை, அதன் முனையில் மெயின் ரோட்டு டிரான்ஸ்பார்மர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அதே டிரான்ஸ்பார்மர் அங்கேயே நின்றது.

"இந்த போட்டோ எங்கம்மா எடுத்தது?"

"இதே எடத்துலதான் சார்" என்றாள் சாமுண்டீஸ்வரி, தட்டில் பஜ்ஜியோடு. "இப்ப சோபா போட்டுக்கீதே, அங்க நின்னுதான் ரோட்டத் தானம் குடுத்தாரு. அவ்ளோ நல்ல மனசு சார் அவருக்கு."

வெளியே அறுபத்து நாலு குடும்பமும் சேர்ந்து சிரித்த சத்தம் தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. உத்தரவு வந்தது. 'மனுதாரர்: தசரதன். எதிர்மனுதாரர்: தசரதன்.' விசாரணையில் தசரதன் எழுந்து நின்று, எதிர்மனுதாரருக்கு மூன்று மாதமாவது அவகாசம் வேண்டும் என்று கெஞ்சினார். அதிகாரி மனுவைப் புரட்டினார்.

"அவகாசம் கேட்டாலும் கொடுக்கக் கூடாதுன்னு மனுதாரர் எழுதியிருக்காரே?"

"மனுதாரர் வாபஸ் வாங்கிக்கிறாரு சார்."

"அவர் ஒருத்தர் வாங்கினாப் போதுமா? கூட அறுபத்து நாலு பேர் கையெழுத்து இருக்கே. அவங்க வாங்கலையே."

ஆடி கடைசி வாரம் ஜே.சி.பி. வந்தது. வாடகைக்கு முன்பணம் கொடுத்திருந்தவர் தசரதன்தான். அதன் டிரைவர் இறங்கி, "யார் சார் தசரதன்? எந்தக் கட்டடம் சார்?" என்று மரியாதையாகக் கேட்டபோது, பாவம், அந்த மனிதரால் கைநீட்டிக் காட்டத்தான் முடிந்தது. உள்ளபடியே பரிதாபமாகத்தான் இருந்தது. மூன்று மாடிக்கும் மூன்று நாள். ஷெட்டுக்கு அரை மணி.

ஆவணி முதல் தேதி காலை. கஃபார் சாவியைத் திருப்பினார். எட்டு சிலிண்டரும் உறுமின. ஹாலோவே எய்ட் எந்த மூலையிலும் திரும்பாமல், முன்பு ஷெட் இருந்த இடத்திலிருந்து முன்பு சமையலறை இருந்த இடத்துக்கு வந்து, பூஜை அறையைக் கடந்து, ஹாலின் நடுவே கம்பீரமாக ஊர்ந்து, மெயின் ரோட்டில் ஏறியது. ஒரு கீறல் இல்லை. மோகன்ராஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"சூப்பர் சார்! சொன்ன மாதிரியே ராஜபாட்டை!"

கார் போனதும் அதே வழியாக முதல்முறையாக ஒரு தண்ணி லாரி உள்ளே வந்தது. பெண்கள் குடங்களோடு வாசலிலேயே நின்று குலவையிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த சாமுண்டீஸ்வரி கணவரைப் பார்த்தாள்.

"வண்டி போனா நான் இருக்கேன்னு சொன்னேன். வண்டி போயிடுச்சு. நான் சொன்ன சொல்லு தவற மாட்டேன், இருக்கேன். எங்க இருக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அதற்குள் சங்கத்தார் பாராட்டு விழாவுக்குத் தயாராகிவிட்டார்கள். சாலையை மீட்டுத் தந்த பெருந்தகைக்கு ரோஜா மாலை போட்டார்கள். அவர் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, யூனிஸ் வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்கண்ணா. எங்க மாமியாரத் தூக்கிட்டுப் போனது இதுதான். இனிமே இது எங்களுக்குத் தேவைப்படாது. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கே வந்துடும்."

மாடியில் அந்தக் கிழவி நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் வலது கையால் கைப்பிடிச் சுவரைத் தட்டினாள்.

தசரதன் உட்காரவில்லை. "பேசுங்க, பேசுங்க" என்று கூட்டம் விடவில்லை. ஒருவர் போட்டோ எடுக்கக் கேமராவைத் தூக்கினார். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற அந்த மனிதரின் வாயில், தம் வாழ்நாளில் மனப்பாடமாயிருந்த ஒரே சொற்பொழிவுதான் வந்தது.

"இந்த ரோடு இனிமே என்னுது இல்ல, உங்களுது."

அதே மனிதர், அதே மாலை, அதே இடம். எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த போட்டோவுக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். இந்தத் தடவை அவர் ரோட்டைக் கொடுத்திருந்தார்.